வாசிச்சிட்டன் அக்கா

2012 மார்ச் 6, செவ்வாய்

ஒன்பது பேர்! ஒனிஹங்கா ரயிலில் தினமும் என் எதிரே இருந்து சப்பாத்து மாற்றும் மனிசியைப் பற்றி மூன்று நாள் மினக்கெட்டு என் வலைப்பதிவில் எழுதினேன். வந்து பார்த்தது ஒன்பது பேர். பின்னூட்டம் ஒன்று. வேறு யார், நியூ லின்னில் இருக்கிற பிரசாந்திதான். 'வாசிச்சிட்டன் அக்கா.' எந்தப் பதிவுக்கும் இதே இரண்டு சொல். கூட ஒரு வரி எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா?

மார்ச் 8, வியாழன்

இவர் சோற்றைக் குழைத்தபடி எனக்கு வகுப்பு எடுத்தார். தலைப்பிலேயே ஆளை இழுக்க வேணுமாம். சண்டை எழுது, சாப்பாடு எழுது, எங்கட சனத்தை எழுது, சப்பாத்து ஆருக்கு வேணும் என்றார். கலியாணம் கட்டி இருபது வருசம், எனக்கு ஒரு கடிதம் எழுதாத மனிசன்.

மார்ச் 11, ஞாயிறு

பதிவுகளைத் திரட்டும் தளம் ஒன்றில் சேர்ந்தேன். பத்துப் பேரிடம் போய், வாசிக்காமலே, 'அருமை, தொடருங்கள்' என்று எழுதினேன். நாலு பேர் திரும்பி வந்து 'அருமை, தொடருங்கள்' என்று எழுதினார்கள். அவர்களும் வாசிக்கவில்லை. சீ.

மார்ச் 17, சனி

பிரசாந்தியின் மகள் பெரியபிள்ளையாகி, இன்று சாமத்திய வீடு. ஒரு அழைப்பு அட்டைக்கு நாலு பேர் என்று பார்த்தால், ஆறும் ஏழுமாக வந்து இறங்கினார்கள். ஒன்றரை மணிக்கே சோறு முடிந்துவிட்டது. பிள்ளை பறக்கவிடவென்று வாடகைக்கு எடுத்த வெள்ளைப் புறா, கூட்டை விட்டு வரமாட்டேன் என்று இருந்துவிட்டது. பிரசாந்தி பட்டுச்சேலையோடு மூலையில் நின்று பீட்சாவுக்குப் போன் அடித்தாள்.

மார்ச் 19, திங்கள்

எழுதிவிட்டேன். 'சோறு முடிந்த சாமத்திய வீடு.' பெயர் போடவில்லை.

மார்ச் 20, செவ்வாய்

அறுநூற்றுப் பதின்மூன்று! ரொறன்ரோவிலிருந்து, லண்டனிலிருந்து எல்லாம். பின்னூட்டம் நாற்பத்தொன்று, முழுக்கச் சிரிப்பு. இவர் 'நான் சொன்னனான்தானே' என்று வீடு முழுக்கத் திரிகிறார்.

பிரசாந்தியின் இரண்டு சொல்லை மட்டும் காணவில்லை.

மார்ச் 22, வியாழன்

போன் எடுக்கிறாள் இல்லை. பெயர் போடவில்லையே, போடவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்ன விசர்க் கதை! ஒக்லண்டில் புறா வெளியே வராத சாமத்திய வீடு எத்தனை நடந்தது?

இன்னொன்று. இங்கேயாவது எழுதி வைக்கிறேன். எத்தனை பேருக்குச் சாப்பாடு சொல்ல என்று அவள் கேட்டபோது, 'இருநூறு காணும், மிஞ்சவும் செய்யும், நான் சொல்லுறன்' என்றது ஆர்? நான். பதிவில் அது மட்டும் இல்லை.

மார்ச் 25, ஞாயிறு

பதிவை அழித்துவிட்டு, நியூமார்க்கெட்டில் ரயில் மாறி நியூ லின் போனேன். தேத்தண்ணி தந்தாள். மகள் அறையை விட்டு வரவில்லை. தமிழ்ப் பள்ளிக்கு இனிப் போகமாட்டாளாம். அங்கே பிள்ளைகள் அவளைக் கண்டதும் புறா மாதிரி 'குர்குர்' என்கிறார்களாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிரசாந்தி அழவில்லை.

"இருநூறு எண்டு சொன்னது ஆரெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்ர மனுசனுக்குக்கூட" என்றாள்.

நான் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே எழும்பி வந்தேன்.

ஏப்ரல் 1, ஞாயிறு

திரட்டும் தளத்திலிருந்து விலகினேன். புதுப் பதிவு போட்டேன்: 'இருநூறு காணும் என்றது நான்.' நடந்தது முழுக்க, மன்னிப்பும். இதை ஆர் வாசிப்பினம் என்று இவர் தொடங்கினார். வாயை மூடச் சொன்னேன்.

ஏப்ரல் 2, திங்கள்

எட்டுப் பேர்.

ஏப்ரல் 9, திங்கள்

ஈஸ்டர் லீவு. சப்பாத்து மனிசியைப் பற்றி இன்னொன்று எழுதினேன். அதற்கும் எட்டு. முந்தி ஒன்பது என்று மூக்கால் அழுதேனே, மூதேவி.

ஏப்ரல் 17, செவ்வாய்

வேலையால் வந்து பார்த்தேன். ஒன்பது. ஏப்ரல் ஒன்றாந் தேதிப் பதிவுக்குக் கீழே ஒரு பின்னூட்டம்.

'வாசிச்சிட்டன்.'

'அக்கா' இல்லை. அந்த ஒரு சொல்லை மூன்று தரம் வாசித்தேன்.