கிளாராவின் குட்டியை ஏற்றவிடவில்லை

என் பிடிவாதக்கார இஸ்த்வான் சாருக்கு,

தமிழில்தான் எழுதுகிறேன். லாயத்து ஆட்களிடம் பொறுக்கிய 'போடா' ஒன்றுதான் உங்களுக்குத் தெரிந்த தமிழ். அதனால் இந்த ஒரு தடவையாவது குறுக்கே பேசாமல் கேட்பீர்கள்.

உங்கள் பந்தயக் குதிரை கிளாரா குட்டி போட்டுவிட்டாள். பெண் குட்டி. பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள். திட்டு என்றதும் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆமாம், பக்கத்து சவாரிப் பள்ளியில் பிள்ளைகளைச் சுமக்கிறதே, அந்தத் திட்டுக் குதிரைதான் அப்பன். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் இங்கே ராஸ் அல் கைமாப் பாலைவனத்தில் அடித்த புழுதிக்காற்றில் வேலி சாய்ந்தது. மற்றதை கிளாரா பார்த்துக்கொண்டாள். அவள் வயிறு தெரிந்தபோது நீங்கள் உயிரோடு இல்லை.

உங்கள் அண்ணன் மகன் புடாபெஸ்டிலிருந்து வந்தார். குதிரைகள் எல்லாம் இப்போது அவருக்குத்தான். குட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதற்கு வம்சச் சான்று கிடைக்காது, பந்தயத்துக்கும் ஆகாது. விற்றுவிடலாம்; திங்கட்கிழமை வண்டி வரும், ஏற்றிவிடுங்கள்" என்றார். இன்னும் கால் நிலைக்காத குட்டி, சார். இப்போதே தாயிடமிருந்து பிரித்தால் பிழைக்குமா?

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள். உங்கள் பிரபுப் பட்டத்தை நீங்களே கேலி செய்வீர்கள். "அரண்மனை போச்சு, நிலம் போச்சு, பாட்டனாரின் மூக்கு மட்டும் மிச்சம்" என்று தடவிக் காட்டுவீர்கள். ஆனால் குதிரை என்று வந்தால் ஏழு தலைமுறையை ஒப்பிப்பீர்கள். ரத்தம், ரத்தம், எப்போதும் ரத்தம். எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் ஊரில் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கும் முன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். அந்தப் பேச்சைத் தாண்டித்தானே நான் வந்தேன்? மனுஷனுக்கு ஒரு நியாயம், குதிரைக்கு ஒரு நியாயமா? எத்தனை சண்டை போட்டேன்! ஒருமுறையாவது விட்டுக்கொடுத்தீர்களா?

திங்கட்கிழமை வண்டி வந்தது. நான் லாய வாசலில் நின்றுகொண்டேன். பயணம் தாங்கும் என்று மருத்துவர் கையெழுத்துப் போடாமல் எந்தக் குதிரையையும் ஏற்ற முடியாது. இங்கே மருத்துவர் நான் ஒருத்திதான்.

"போட மாட்டேன்" என்றேன்.

"அப்படியானால் இந்த மாதத்தோடு உங்கள் வேலை முடிந்தது" என்றார் உங்கள் அண்ணன் மகன்.

"கலாஸ், முடிந்ததாகவே இருக்கட்டும். ஆனால் குட்டி நகராது. வேறு மருத்துவரைக் கூப்பிட்டாலும் அவரிடமும் இதையேதான் சொல்வேன்."

உங்கள் செல்லப்பிள்ளை, கிளாராவைப் பார்த்துக்கொள்ளும் ராமநாதபுரத்து முத்துவேல், கிளாராவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். "டூட்டி போனா போகட்டும்க்கா. பச்சப்புள்ளைய ஆத்தாகிட்டருந்து பிரிச்சா நமக்கு வெளங்குமா? எவன் வந்து ஏத்துறான்னு பாப்போம்." கிளாராவும் காதை மடக்கிப் பல்லைக் காட்டினாள். டிரைவர் தலையைச் சொறிந்தார். வண்டி காலியாகத்தான் போனது.

பால் மறக்கும்வரை குட்டி தாயோடு இருக்கலாம் என்று உங்கள் அண்ணன் மகன் இறங்கி வந்தார். முத்துவின் வேலையில் கை வைக்கவில்லை; கிளாராவை வேறு யார் நெருங்க முடியும்? என் வேலை விஷயத்தில் மட்டும் இறங்கவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த மாதம் சவாரிப் பள்ளியில் சேருகிறேன். பால் மறந்ததும் குட்டியும் அங்கே வருவாள், பேசி முடித்துவிட்டேன்.

சான்று இல்லாத குட்டிக்கு எந்தச் சங்கமும் பெயர் பதியாது. அதனால் தடுக்கவும் ஆளில்லை. உங்கள் குடும்பப் பெயரையே வைத்துவிட்டேன். "ஏ கெலெந்தி, வாடி" என்று முத்து கூப்பிட்டால் குதித்துக்கொண்டு வருகிறாள். கோபம் வருகிறதா? வரட்டும்.

அவள் பந்தயம் ஓடப்போவதில்லை. ஆனால் நான் இருக்கும்வரை யாரும் அவளை மட்டமாகப் பேச விடமாட்டேன், நீங்களே எழுந்து வந்தாலும் சரி. இது சத்தியம்.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வேலை கேட்டு வந்த என்னிடம், நீங்கள் போகும்வரை ஒரு நாள்கூட யார் மகள் என்று கேட்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இப்படிக் கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் மகள்,
மலர்விழி