நான் மறுத்தேன், நீ கிளம்பினாய்

அம்மா,

பக்கத்து லைன் வீட்டுக்குக் குடிவந்திருக்கும் பீகார்ப் பெண் இன்று காலை கடுகெண்ணெயில் மீன் பொரித்தாள். நீ வடக்கேயிருந்து திரும்பி ரயிலை விட்டு இறங்கிய அன்று உன் சேலையில் அடித்த அதே காட்டமான வாசம். கண் எரிந்தது. சிரிப்பும் வந்தது.

நீ இங்கிருந்து கிளம்பியது அறுபதுகளின் கடைசியில். நான் நர்ஸ் படிப்பை முடித்துத் திருப்பூரிலேயே பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்த நீ, பனியன் கம்பெனியில் பீஸ் மடித்துக்கொண்டிருந்தாய். பிறந்தபோது அழாமல் நீலம் பாரித்துக் கிடந்த என்னை ஏந்தி, 'இது பிழைத்தால் உம் ஊழியத்துக்கு' என்று ஆண்டவரிடம் நீ பொருத்தனை செய்தது சபைக்கே தெரியும். அதனால் வடக்கே மலைக்காட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு மிஷனரி வேண்டும் என்றதும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சபையை நடத்தும் மூப்பர்கள் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் அதை அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் எழுந்தேன்.

"எனக்கு அந்த அழைப்பு வரலீங்க ஐயா. இங்க பிரசவம் பாக்கறதுதான் எனக்குப் புடிச்சிருக்குதுங்க. நான் போகலீங்க."

"பொருத்தனைய மீறுனா குடும்பம் வெளங்குமா?" என்று பின்னாலிருந்து ஒரு மூப்பர் கேட்டார். அவரைக் காட்டிலும் உன்னைத் திரும்பிப் பார்க்கத்தான் பயமாக இருந்தது எனக்கு.

நீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாய்.

"பொருத்தன பண்ணுனது நானுங்க. அப்ப அவ அழக்கூட இல்லீங்க. குடுத்த வாக்க நானே காப்பாத்தறனுங்க. நான் போறனுங்க."

போதகர் திகைத்துப்போனார். "நீங்களா? அங்க போயி என்னம்மா பண்ணுவீங்க?"

"ஏனுங்க, ஆஸ்பத்திரின்னா நோயாளிக்குச் சோறு வேண்டாமுங்களா?"

பெண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு. அதன் பிறகு எழுந்த கைதட்டல் முந்தையதைவிடப் பெரியது.

வீடு திரும்பும் வழியில் எனக்குத் தாங்கவில்லை. "எனக்காகவா இப்பிடிச் சொன்னே?" என்றேன். நடந்துகொண்டே என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாய்.

"உனக்காகவா! போ கண்ணு. அந்த மடிப்பு மேசைய உட்டு எந்திரிச்சு எங்கியாச்சும் போகோணும்னு எத்தன நாளா ஆச தெரியுமா? என்னையக் கூப்பிடத்தான் ஒருத்தருக்கும் தோணல."

மூப்பர்கள் மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். நீ விடவில்லை. கடைசியில் ஒரு தகரப்பெட்டியோடு ரயிலேறினாய். அங்கே சமையற்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த மலைச்சனங்களின் பாஷையைப் பேசிப் பழகி, ரசம் வைத்துக் காய்ச்சல்காரர்களை எழுப்பி உட்காரவைத்தாய். முழங்கால் விட்டுப்போனபின்தான் திரும்பினாய். ஸ்டேஷனில் மாலையோடு நின்ற மூப்பர்களைத் தாண்டி வந்து, தலைமை நர்ஸ் உடுப்பில் நின்ற என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாய். "நல்லாருக்குது" என்றாய். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு உன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கண்டு நீ கொஞ்சமும் தயங்கவில்லை.

"ஆண்டவரு அழைப்பச் சரியான ஊட்டுக்குத்தானுங்க அனுப்புனாரு. நீங்கதான் பேர மாத்திப் படிச்சுட்டீங்க."

உன்னோடு சேர்ந்து போதகரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

நீ போய் வெகு காலமாகிறது. நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். வேலையில் இருந்தவரை, பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம் ஏதாவது கேட்டால் மாமியாரோ புருஷனோ முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். "அவ சொல்லட்டுமுங்க" என்று நிறுத்திவிடுவேன். இப்போதும் யார் வீட்டில் எந்த முடிவுக்கு என்னைக் கூப்பிட்டாலும், யாருக்காக முடிவெடுக்கிறார்களோ அவர்களிடம்தான் முதலில் போய் உட்காருகிறேன். "நீ சொல்லு கண்ணு" என்கிறேன்.

சொல்கிறார்கள், அம்மா.