வியாழனில் கண்ட கந்தகம்

ஹிலோ, ஞாயிறு காலை

அன்பு மகள் கியோமிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், மழைதான் விட்டபாடில்லை. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எங்களுக்கு அதுவே போதும்.

வியாழன் கோளின் காற்றில் யாரும் காணாத கந்தக வாயுவைக் கண்டதாக நீ எழுதியதை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எங்கள் பத்திரிகை ஆசிரியரும் முதல் பக்கத்தில் இடம் ஒதுக்கிவிட்டு என்னைத் துளைக்கிறார். நான் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. எந்த ஆய்வுக் கட்டுரையிலும் தன் பெயரையே முதலில் போடும் உன் பேராசிரியர் ஹார்ட்விக், இதில் மட்டும் உன் பெயரை முன்னால் போட்டு வரும் வெள்ளிக்கிழமையே அனுப்பச் சொல்கிறார் என்றாயே, அங்கேதான் எனக்கு உறுத்தியது.

நேற்று மீன் வாங்கப் போன இடத்தில் லெய்னாவைப் பார்த்தேன். நீங்கள் அங்கிருந்தே திரையில் வியாழனைப் பார்த்த இரவில், மலைமேல் தொலைநோக்கியை இயக்கியவள் அவள்தான். "அங்கிள், அன்னிக்கு எரிமலைப் புகை உச்சி வரைக்கும் ஏறிடுச்சு, எனக்குத் தொண்டையே எரிஞ்சுது. உங்க பொண்ணுக்குத் திரையில நாத்தமா அடிக்கும்?" என்று சிரித்தாள். கோளைப் பார்த்த கையோடு பக்கத்து விண்மீன் ஒன்றையும் பார்த்து, இரண்டிலும் பொதுவாகத் தெரிவதைப் பூமிக் காற்றின் கணக்கில் கழிப்பதுதானே உங்கள் வழக்கம்? அன்று கருவி மக்கர் செய்து விண்மீனுக்குத் திரும்பத் தாமதமானதாம், அதற்குள் காற்று மாறிப் புகையும் விலகிவிட்டதாம். அப்படியானால் கழிய வேண்டிய எங்கள் ஊர்ப் புகையின் கந்தகம் கழியாமல் வியாழன் தலையில் ஏறியிருக்கலாம். நீ காபி எடுக்கப் போயிருந்தபோது இதைத் திரைவழியே ஹார்ட்விக்கிடம் சொன்னாளாம். "பாத்துக்கலாம்னார் அங்கிள், பாத்தாரான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். உன்னிடம் அவர் சொன்னாரா? மறந்திருக்கலாம் என்கிறாள் அம்மா. எனக்கு நம்பிக்கையில்லை. தப்பாகப் போனால் பழி முதல் பெயருக்குத்தான்.

அன்று வியாழன் நமக்கு நேரெதிரே இருந்தது, நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை, அதனால் வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இப்போது விலகிப் போகிறது. இனிப் பார்த்தால், வாயு அங்கே இருப்பது உண்மையானால் நிறமாலையில் அதன் கோடு சற்று நகர்ந்திருக்கும், பூமியுடையதானால் நகராது. அடுத்த மாதம் தொலைநோக்கியில் ஓர் இரவு காலியாம், கேட்டால் கிடைக்குமாம். அதுவரை ஹார்ட்விக்கைக் காத்திருக்கச் சொல், மறுத்தால் உன் பெயரை எடுத்துவிடு. உங்கள் குழுவின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும், புகையைப் பற்றி லெய்னா உங்களிடம் சொன்னாளா என்று மட்டும் அவரைக் கேள். பதில் சொல்வதற்கு முன் அவர் யார் முகத்தைப் பார்க்கிறார் என்று கவனி, இது தெரிந்த இன்னொருவர் அங்கே இருந்தால் அவர்தான் அது.

உனக்கு ஒரு குறையும் வராது, கண்ணே. குளிரில் காதை மூடிக்கொள். தனியறையில் கேட்டுவிடாதே.

என்றும் உன் அப்பா,
வெண்டல் ஹிகா