நாம் கொட்டிய மண்மூட்டைகள்

கல்முனை
ஜனவரி 9

அன்புள்ள ஹாதிக் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் சுகம். வாப்பாவுக்கு இடுப்பு வலி மட்டும் கூடியிருக்கிறது. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்பும் நஜீமிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பினால் நான் ஏசிவிடுவேன், நீங்கள் பாதியில் நிறுத்திவிடுவீர்கள்.

பட்ஜெட் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். டிசம்பர் முப்பத்தோராம் திகதிக்குள் நிறைவேற வேண்டியது நிறைவேறவில்லை. அரசாங்கம் எதிர்க்கட்சியைச் சொல்கிறது, எதிர்க்கட்சி அரசாங்கத்தைச் சொல்கிறது. நடுவில் நம்முடைய எம்பி, நீங்கள் அங்கிருந்து போன் எடுத்து எடுத்து வாக்குச் சேர்த்துக் கொடுத்தவர், பிரதி அமைச்சர் பதவி எழுத்தில் வரும்வரை கை உயர்த்த மாட்டேன் என்று இருந்துவிட்டார். வாக்கெடுப்பு நாளில் சபைக்கே போகவில்லை. இப்போது சம்பளத்துக்கும் ஆஸ்பத்திரி மருந்துக்கும் மட்டும் மூன்று மாதத்துக்கு இடைக்கால அனுமதி. புது வேலை எதுவும் தொடங்க முடியாது. உம்மாவை அடக்கிய நமது மையவாடியைக் கடல் அரிக்காமல் போடவிருந்த கல்லணையும் அந்தப் புது வேலைகளில் ஒன்று. அரச கந்தோரில் போய் அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டேன். "காசு பாஸாகினாத்தான் கல்லு வரும் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அந்த ஐயா தேநீர் குடிக்கப் போனார். அவருடைய சம்பளம் பாஸாகிவிட்டது.

கடலுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. இரண்டாம் திகதி சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மையவாடியின் கிழக்குச் சுவர் விழுந்தது. முதல் இரண்டு வரிசைக் கபுறுகளும் போயின. கிடைத்த எலும்புகளை வெள்ளைத் துணியில் சுற்றி மேற்குப் பக்கத்தில் திரும்ப அடக்கினார்கள். உம்மா நான்காம் வரிசை.

ஒக்டோபரில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். நஸீறா மாமியும் நானும் ஒழுங்கைப் பெண்களைச் சேர்த்து நாற்பது மூட்டை மண் கட்டினோம். பெண்கள் நாங்கள் உள்ளே போவதில்லை என்பதால், ஆண்கள் தூக்கிப் போடட்டும் என்று மையவாடி வாசலில் அடுக்கினோம். பாண்டிருப்புத் தம்பிமுத்து அண்ணன்தான் தன் வயலுக்கு உரம் வந்த வெறும் பைகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து தந்தார். மையவாடிக் கமிட்டித் தலைவர் இப்றாஹிம் ஹாஜியார், எம்பியின் ஆள், ஓடி வந்து தடுத்தார். "மூட்டையப் போட்டா, பாதுகாப்பு இரிக்கிண்டு எழுதி நம்மட அணைய லிஸ்ட்டில வெட்டிருவானுகள்" என்றார். எதிர்க்கட்சி அச்சிமுகம்மது போனைப் பிடித்து வீடியோ எடுத்தபடி, "உடையட்டும் புள்ள, அப்பதான் இவனுகள்ற வண்டவாளம் ஊருக்குத் தெரியும்" என்றார். பள்ளியில் ஒரே சபில் தோளோடு தோள் நின்று தொழுதாலும் ஸலாம் சொல்லிக்கொள்ளாத இரண்டு பேரும் அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையானார்கள். தம்பிமுத்து அண்ணன், "அப்ப எம்பி கல்லுப் போடுற வரைக்கும் கடல் நோன்பு பிடிக்குமாமோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

அன்று பின்னேரம் உங்கள் வொய்ஸ் வந்தது. "அவசரப்படாத நப்லா, எம்பி என்னோட கதைச்சவரு. பட்ஜெட் பாஸாகட்டும். அந்த மூட்டையெல்லாம் கொட்டிரு."

கொட்டினேன். நாற்பதையும் என் கையால் அவிழ்த்துக் கொட்டினேன். பைகளை உதறி மடித்துத் திருப்பியும் கொடுத்தேன்.

மூன்றாம் திகதி அதே பைகளை வெட்கத்தோடு கேட்டு வாங்கித் திரும்ப மண் நிரப்பினோம். தம்பிமுத்து அண்ணன் இந்த முறையும் தானே கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். ஹாஜியார் அப்போதும் கொழும்புக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தார். அச்சிமுகம்மது அப்போதும் வீடியோ. வாப்பா சாரத்தை மடித்துக் கட்டி முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினார். அதைப் பார்த்த பிறகுதான் மற்ற ஆண்கள் வந்தார்கள். இருந்த பைகளை அடுக்கி முடிப்பதற்குள் மூன்றாம் வரிசையும் போய்விட்டது.

உம்மா இப்போது முதல் வரிசை, காக்கா.

மையவாடி வாசலில் நின்று பார்த்தால் உம்மாவின் கபுறில் நீங்கள் நட்ட செவ்வரத்தைப் பூச்செடி தெரிகிறது. அதை வைத்துத்தான் உம்மா இருக்கிறார் என்று தெரிந்துகொள்கிறேன். தலைமாட்டில் நட்ட மீசான் கட்டை சாய்ந்துவிட்டதாக வாப்பா சொன்னார்.

வருகிற வெள்ளிக்கிழமை எம்பி பார்வையிட வருகிறாராம். ஹாஜியார் பந்தல் போடுகிறார். வரவேற்புப் பெனரில் போட உங்கள் படத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார். நான் கொடுக்கவில்லை. கோபமென்றால் கோபப்படுங்கள்.

பறுவ நிலவுக்குக் கடல் இன்னும் ஏறும். இருந்த மூட்டைகள் காணாது, இன்னும் அவ்வளவு வேண்டும். இன்னும் போட ஆண்கள் பயப்படுகிறார்கள். மார்ச்சில் பட்ஜெட் வரும், அதுவரை பொறுங்கள் என்று கமிட்டி மறுபடியும் தொடங்கிவிட்டது. எனக்கு நீங்கள் காசு அனுப்ப வேண்டாம். ஒரு வொய்ஸ் அனுப்புங்கள், எனக்கல்ல, கமிட்டி குரூப்புக்கு. கொட்டச் சொன்ன அதே வாயால் போடச் சொல்லுங்கள். என் பேச்சை அவர்கள் கேட்க மாட்டார்கள், உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

அல்லாஹ் உங்களைப் பாதுகாப்பானாக. உம்மாவுக்காகத் துஆக் கேட்கும்போது எனக்காகவும் பிழை பொறுக்கக் கேளுங்கள். சொன்னது நீங்கள் என்றாலும், கொட்டிய கை என்னுடையது.

உங்கள் தங்கச்சி,
நப்லா