லக்‌ஷனின் ஐம்பதாவது மேட்ச்

மெல்பேர்ன்,
02.03.2025

லக்‌ஷனின் அம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறீரா என்று எழுதக் கை வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்து மூன்று மாதத்தில் யார் சுகமாக இருப்பது? போனில் கதைத்தால் கொஞ்ச நேரத்தில் சண்டையில் நிற்கிறோம். அவனுடைய செத்தவீட்டிலும் அதைத்தான் செய்தோம். அதனால்தான் கடிதம்.

உம்மால் ஒரு காரியம் ஆக வேண்டும். அவன் அவுஸ்திரேலிய ஃபுட்போல் விளையாடின வாண்டில் கிளப்புக்கு இந்த வருடம் முப்பது வயது. தொடங்கின நாளில் இருந்து யார் எத்தனை மேட்ச், எத்தனை கோல் என்று தங்கள் சரித்திரத்தை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். லண்டனில் இரண்டாம் பிரிவில் ஆடுகிற சின்னக் கிளப்தான். முக்கால்வாசிப் பேரும் விசாவில் வந்து, முடியத் திரும்பிப் போகிற அவுஸ்திரேலியப் பொடியள். அதனால் ஐம்பது மேட்ச் ஆடுகிறவர்கள் அருமை. ஆடினவனின் பெயரைப் பலகையில் எழுதி மாட்டுவார்கள். ஜூனில் விழா.

லக்‌ஷனுக்கு நாற்பத்தொன்பது என்று போட்டிருக்கிறார்கள். அது பிழை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மேட்ச் முடிந்த பிறகு, எனக்கு இங்கே ஞாயிறு விடிகிற நேரம் பார்த்து எடுத்து ஸ்கோர் சொல்லுவான். எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். அவர்கள் விட்டது 2022 ஜூன் 18. அன்றைக்கு இரண்டு கோல் அடித்தான். தொடங்க முன்னம் எடுத்த படத்திலும் பின்வரிசையில் ஜேர்சியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

மின்னஞ்சல் போட்டேன். தங்கள் கணக்குச் சரி என்று பதில் வந்தது. மைதானம் உமக்குப் பக்கம். ஒருக்கால் போய்ச் சொல்லும். இனி அவனுக்கு நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

கனகலிங்கம்


மோர்டன், லண்டன்,
23.03.2025

லக்‌ஷனின் அப்பா அறிவது,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதினைந்து வருடத்துக்குப் பிறகு உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். இன்னும் அதே கோழிக் கிறுக்கல்தான்.

சனிக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டு பயிற்சி நடக்கிற இடத்துக்குப் போனேன். நல்ல குளிர். பந்தும் நீள்வட்டம், மைதானமும் நீள்வட்டம், காலால் அடிக்கிறார்கள், கையால் குத்துகிறார்கள், ஒருவன் மற்றவனின் தோளில் ஏறுகிறான். இதைப் பார்க்கவா என் பிள்ளை ஒவ்வொரு கோடையும் என்னைத் தனியே விட்டுப் போனான் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் விளங்கப்படுத்தினார். ஒவ்வொரு பக்கமும் நாலு கம்பம். நடுவால் போனால் ஆறு புள்ளி. தவறி ஓரத்தால் போனாலும் ஒன்று கொடுக்கிறார்கள். பிழைத்தவனுக்கும் புள்ளி கொடுக்கிறவர்கள் நல்ல மனம் உள்ளவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

செயலாளர் ஷோனா என்ற பிள்ளை. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதது. அந்த ஜூன் மேட்சின் அணிப் பெயர்த் தாளில் லக்‌ஷனின் பெயர் இருக்கிறதாம். ஆனால் பெயர் இருந்தால் போதாது, ஆள் ஒரு நிமிடமாவது மைதானத்தில் இறங்க வேண்டுமாம். அவன் இறங்கவில்லை என்று சொல்லுகிறது.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல ஏலாது. நாற்பத்தொன்பதும் சின்னக் கணக்கில்லை. இதை விடுங்கோவன். மருந்துக் குளிசையை நேரத்துக்குப் போடுங்கோ.

கமலேஸ்வரி


மெல்பேர்ன்,
06.04.2025

லக்‌ஷனின் அம்மாவுக்கு,

விடச் சொல்லுகிறீர். உமக்கு விடுவது லேசு. அந்த விளையாட்டு உமக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அவன் இருந்தபோது ஒரு மேட்சுக்கும் போகவில்லை, இப்போது முதல்தரம் போய்விட்டு யாரோ ஒரு பிள்ளை சொன்னதைக் கேட்டு வந்து எனக்குச் சொல்லுகிறீர்.

அவன் இறங்கவில்லை என்றால் இரண்டு கோல் எங்கிருந்து வந்தது? என் பிள்ளை எனக்குப் பொய் சொன்னான் என்கிறீரா? அவன் எனக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அவனுக்குப் பதினொரு வயதில் அவனை விட்டு வந்தவன் நான். கிழமைக்கு ஒருக்கால் அந்தக் குரல்தான் எனக்கு மிச்சம் இருந்தது. அதிலும் பொய் இருந்தது என்றால் என்னிடம் வேறென்ன இருக்கிறது?

இவ்வளவு கெதியாய் விடச் சொல்லுவதைப் பார்த்தால் அன்றைக்கு நடந்தது உமக்குத் தெரியும் போல இருக்கிறது. தெரிந்தால் எழுதும். இல்லையென்றால் நானே டிக்கெட் போட்டு வந்து அவர்களைக் கேட்கிறேன்.

கனகலிங்கம்


மோர்டன், லண்டன்,
27.04.2025

லக்‌ஷனின் அப்பா அறிவது,

எழுதுவதா விடுவதா என்று கிழமைக்கணக்காக யோசித்தேன். நீங்கள் வந்து அந்தப் பிள்ளைகளோடு சண்டை பிடிப்பதைவிட நான் சொல்வது நல்லது.

அந்த வருடம் எனக்கு மார்பில் கட்டி. வெட்டி எடுத்தார்கள். ஒருவருக்கும் சொல்லவில்லை. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் இருக்கிற சிநேகிதி மயூரா வீட்டில் இரண்டு நாள் நிற்கப் போகிறேன் என்று லக்‌ஷனுக்குச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தனியப் போனேன். வெள்ளிக்கிழமை ஒப்பரேஷன். சனி மத்தியானம் இரத்தம் நிற்கவில்லை, திரும்ப உள்ளே கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் நான் கொடுத்திருந்தது அவனுடைய நம்பர்தான். அங்கே குழுப்படம் எடுத்து முடிந்து அவன் மைதானத்தில் இறங்க நிற்கும்போது போன் போயிருக்கிறது.

நான் கண் முழித்தபோது கட்டிலடியில் அந்தக் கையில்லாத ஜேர்சியோடு நின்றான். ஒரு பொட்டுச் சேறு இல்லை. என்னை வாய்க்கு வந்தபடி ஏசினான். பிறகு அழுதான். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று நான்தான் அவனிடம் சத்தியம் வாங்கினேன். எனக்கு உங்களுடைய இரக்கம் வேண்டாம் என்று இருந்தது.

இரவு வாசலில் நின்று உங்களோடு கதைத்தான். எனக்குக் கேட்டது. "ரண்டு கோல் அப்பா, ரண்டும் நடுவாலை" என்றான். உள்ளே வந்ததும், ஏனடா அப்படி ஒரு பொய் என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை விடியக்கை வேறை ஒண்டும் இல்லையம்மா" என்றான்.

இன்னொன்றும் சொல்லவேணும். உங்கள் ஊர் விளையாட்டைக் காட்டி நீங்கள் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். ஏன் அந்தக் கிளப்பில் சேர்ந்தாய் என்று ஒருநாள் கேட்டதற்கு, "அப்பாவோடை கதைக்க ஒரு விஷயம் வேணுமே" என்றான். அவ்வளவுதான். அவனுக்கு அந்தப் பந்தில் அப்படி ஒரு ஆசை இருக்கவில்லை. ஆசைப்படப் பழகினான்.

ஷோனாவிடம் எல்லாம் சொன்னேன். "அன்ரி, ஐம்பது என்றே போடுகிறேன், ஒருவரும் கேட்கமாட்டார்கள்" என்கிறது. பலகை எழுதுகிறவர் மே முடியமுன்னம் கேட்கிறார். போடச் சொல்லவோ? நீங்கள் சொல்லுகிறபடி செய்கிறேன்.

கமலேஸ்வரி


மெல்பேர்ன்,
11.05.2025

கமலா,

உம்முடைய கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். முதலில் கோபம் வந்தது, அவனிலும் உம்மிலும். இப்போது கோபிக்க எனக்கு உரிமை இல்லை என்று விளங்குகிறது. எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று எழுதினேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

இப்போது உமக்கு எப்படி? டொக்டர் என்ன சொல்லுகிறார்? வருடா வருடம் செக்கப்புக்குத் தனியவா போகிறீர்? இரக்கம் இல்லை, கேட்கிறேன்.

ஷோனா பிள்ளைக்கு நன்றி சொல்லும். நாற்பத்தொன்பது என்றே இருக்கட்டும். பலகையில் அவன் பெயர் வேண்டாம். அன்றைக்கு அவன் மேட்ச் ஆடவில்லை, உம்மிடம் ஓடி வந்தவன். ஆடினான் என்று எழுதினால் உம்மிடம் வரவில்லை என்று ஆகிவிடும். அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் அங்கே இல்லாத நாள் அது. அவன் இருந்தான்.

விழாவுக்கு நீர் மட்டும் போம். பின்வரிசையில் அவன் நிற்கிற அந்தப் படத்தைப் பெரிதாக்கி அனுப்புகிறேன், கொண்டுபோய்க் கொடும். எங்கேயாவது மாட்டட்டும், மாட்டாமல் விட்டாலும் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் விடிய எழும்பிப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். பழக்கம் விடவில்லை.

நேற்று என்னுடைய கணக்கைத் திருத்தினேன். அந்த மேட்சை வெட்டினேன். இரண்டு கோலையும் வெட்டவில்லை. அவை எனக்காக அடித்தவை.

லக்‌ஷனின் அப்பா