தும்பிக்கைக்கு மாலை போட்டுவிட்டார்கள், பாய்

என் காதர் பாய்க்கு,

அங்கே உனக்கு டீயை ஆற்றாமல், சுடச்சுட யாராவது கொடுக்கிறார்களா? கையில் கிரீஸ் இல்லாமல் உன்னை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. எனக்கு எழுத்து தெரியாது, நான் சொல்லச் சொல்ல என் பேத்தி சுமதி எழுதுகிறாள். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது பாய். நம் ஜீப் அந்தக் கல்யாணத்தில் செய்த கூத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஏலத்தில் எடுத்த கையோடு அதை அரக்கோணத்தில் உன் ஷெட் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன், நினைவிருக்கிறதா? சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாய். “இன்னா நைனா, இத்த ஓட்டிகினு வந்தியா, தள்ளிகினு வந்தியா?” என்றாய். ஆனாலும் விடவில்லை. கடையில் புதிதாக எதையும் வாங்கக் கூடாது என்பது உன் சட்டம். லாரியில் கழித்த டயரை அறுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறிக்காமல் தொங்கவிட்டோம். பொதட்டூர்பேட்டையில் தறி பிரித்த வீட்டில் கிடைத்த கட்டைதான் இன்றைக்கும் பின்னால் ஏறுவதற்குப் படி. பழைய கை பம்பின் குழாய்த் துண்டை ஒட்டவைத்துச் சைலன்சரை மேலே தூக்கிவிட்டாய்.

கடைசியாகச் செய்ததுதான் அந்தக் குழாய். ஓடையில் இறங்கினால் எஞ்சின் தண்ணீரைக் குடித்துவிடக் கூடாது, மூச்சை மேலேயிருந்து இழுக்கட்டும் என்று, வீடு கட்டின இடத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயை முன் கண்ணாடி ஓரமாக நிமிர்த்திக் கட்டினாய். எனக்குக் கை எட்டுகிற பக்கமாகப் பார்த்துத்தான் கட்டினாய். வாய் முன்னால் பார்க்கட்டும், அதுதான் அழகு என்றேன். மழை உள்ளே அடிக்கும் என்று பின்பக்கம் திருப்பினாய். அதோடு விட்டாயா? டீக்கடையில் ஒரு பழைய வடிகட்டியைக் கேட்டு வாங்கி, கைப்பிடியை வெட்டி எறிந்துவிட்டு, குழாயின் வாயில் மாட்டினாய். எஞ்சினுக்கு டீ போடப் போகிறாயா என்று நான் சிரித்தேன்.

“சிரி நைனா. எல பறக்கும், பூச்சி பறக்கும். உள்ள பூடுச்சின்னா அழுவ” என்றாய்.

அன்றைக்கு வேலை என் வீட்டு வாசலில் நடந்தது. இது என்ன குழாய் என்று கேட்ட என் வீட்டுக்காரியிடம், “தம்பி மல மேல கீறாரும்மா. அண்ணன் தும்பிக்கைய நீட்டிகினு நம்ம வண்டில வராரு” என்றாய். நீ விளையாட்டுக்குச் சொன்னாய். அவள் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அண்ணன் என்றதும் நம் பழைய சண்டை வருகிறது. நம்மில் யார் மூத்தவன்? ஏரி உடைந்த மழையில் நீ பிறந்ததாக உன் அம்மா சொல்வாள். அந்த மழையில் நான் தவழ்ந்துகொண்டிருந்ததாக என் அம்மா சொல்வாள். அப்படியானால் நான்தானே அண்ணன்? கண்ணை மூடும்வரை நீ ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் மலைமேல் கோயிலில் முகூர்த்தம். முதல் நாள் முழுக்க அடித்த மழையில் தரைப்பாலம் மூழ்கிவிட்டது. பெண்ணை அழைத்துப்போக வந்த வேன்காரன் அக்கரையிலேயே நின்றுகொண்டான். சுற்றுவழியில் போனால் முகூர்த்தம் தவறிவிடும். மாப்பிள்ளை வீட்டார் மலைமேல் காத்திருக்கிறார்கள். கோலை ஊன்றி இறங்கிப் பார்த்தேன். தொடையளவு தண்ணீர், இழுப்பு இல்லை. ஜீப்பை எடுத்தேன்.

கல்யாண வண்டி மொட்டையாகப் போகலாமா? என் வீட்டுக்காரி தும்பிக்கைக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சாமந்தி மாலையைச் சரியாக அதன் வாயைச் சுற்றிக் கட்டினாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் வண்டியில் ஏறினேன். உன் மூளை எனக்கு எங்கே வரும்?

நடு ஓடையில் எஞ்சின் இருமியது. கரும்புகை விட்டது. நின்றுவிட்டது.

பின்னால் என் மகன் ஆரம்பித்தான். “இத்த காயலாங்கடைக்குப் போடுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?” சுமதி பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மலையையே பார்த்தாள். நீ இருந்தால் முதலில் எதைப் பார்ப்பாய் என்று யோசித்தேன். மூச்சைப் பார்ப்பாய். திரும்பிக் குழாயைப் பார்த்தேன். எஞ்சின் இழுத்த இழுப்பில் நனைந்த மாலை அடைபோல வடிகட்டியில் அப்பிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி மாலையைப் பிடித்து இழுத்தேன்.

“ஐயோ, சாமி மாலைய அறுக்கறியே” என்றாள் வீட்டுக்காரி.

“சாமிக்கு மூச்சு முட்டுதுடி” என்றேன்.

வடிகட்டியைத் துடைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை முனகிவிட்டு மூன்றாவதில் உறுமியது பார், அதை நீ கேட்டிருக்க வேண்டும். மலைமேல் போய்ச் சேர்ந்தபோது ஐயர் மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார். சேற்றுக்காலோடு நின்றுதான் அட்சதை போட்டேன். என் மகன் அதற்குப் பிறகு காயலாங்கடைப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் உன் மகன் ரஃபீக் வந்து குழாயைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே ஒரு இதழ்கூட இல்லை பாய். வடிகட்டி நசுங்கியிருக்கிறது, புது வலை போடுகிறேன் என்றான். நெளிவை மட்டும் தட்டி எடுத்து அதையே மாட்டு என்றேன். சிரித்தான். அப்படியே உன் சிரிப்பு.

இனிமேல் இந்த வண்டிக்கு எந்த விசேஷத்திலும் பூவைப் பின்னால் மட்டும்தான் கட்டுவேன். வடிகட்டியை வாரம் ஒருமுறை என் கையாலேயே கழுவி மாட்டுவேன். தும்பிக்கை நீ திருப்பி வைத்த பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

கீழே என்ன போடட்டும் தாத்தா என்று சுமதி கேட்கிறாள். ஏரி உடைந்த கதையை விட்டுவிடலாம் பாய். இப்படிப் போடச் சொல்லிவிட்டேன்:

உன் தம்பி,
முனுசாமி