வெளியே சொல்ல முடியாத பாரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். மனம்விட்டு அழுகிறவர்களுக்குப் பசியும் தூக்கமும் நன்றாகவே வரும். இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானுக்கு இருமல் குறைந்துவிட்டது. பெரியவள் பரீட்சையை நன்றாக எழுதியிருக்கிறாளாம். அவள் சொல்வதுதான், நான் போய்ப் பார்க்கவில்லை.

உன் போனை நான் ஏன் எடுப்பதில்லை என்று அத்தானிடம் கேட்டாயாம். எடுத்தால் நீ அழுவாய். அழுது முடித்ததும், இப்போதுதான் மனசு லேசாச்சு அக்கா என்பாய். அதற்கப்புறம் எனக்கு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடாது. உன் மனசை இறக்கி வைக்க நான் என்ன சுமைகூலிக்காரியா? அதனால்தான் கடிதம். நான் சொல்லி முடிக்கும்வரை நீ நடுவில் விம்ம முடியாது.

நீ எழுதியது கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் நீ பாவி. உலகத்திலேயே உன்னைப்போல் ஒரு கேடுகெட்டவன் பிறக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதிலும் உனக்கு முதல் ரேங்க்தான் வேண்டும். அப்படியெல்லாம் பெருமைப்பட்டுக்கொள்ளாதே. நீ சாதாரணமான ஒரு பொய்யன். தெருவுக்கு நாலு பேர் உன்னைப்போல இருக்கிறார்கள். அவர்கள் இவ்வளவு பேப்பர் செலவழிப்பதில்லை.

உனக்குள் பொய்யின் ஆவி இருக்கிறது என்று அங்குள்ள போதகர் சொன்னாராம், அதைத் துரத்த வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறாயாம். என்ன பொய், யாரைப் பற்றிய பொய் என்று அவரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். வாயில் பொய் வருகிறது ஐயா என்று பொதுவாகச் சொல்லியிருப்பாய். டாக்டரிடம் போய், எங்கே வலிக்கிறது என்று காட்டாமலே மருந்து கேட்கிற ஆள் நீ. பட்டினி கிடந்து இளைத்ததுதான் மிச்சம். எந்த ஆவியும் உன்னைப் பிடித்து வைத்திருக்கவில்லை. சூப்பர்வைசர் நாற்காலியை நீதான் பிடித்து வைத்திருக்கிறாய்.

நடந்ததை நான் எழுதுகிறேன். இத்தனை ஜெபத்தில் உனக்கு மறந்திருக்கலாம். அந்த அடுக்குமாடிக் கட்டடத்து லிஃப்டில் கதவு சரியாகப் பூட்டவில்லை என்று உன்னோடு மெக்கானிக்காக இருந்த பூனை அண்ணன் காலையில் பார்த்துவிட்டுப் போனார். மதியம் நீ போனாய். கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடும்படி, சோதனைக்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு வயரை இணைத்தாய். அதைக் கழற்ற மறந்து வீட்டுக்கு வந்துவிட்டாய். மறுநாள் ஒரு அம்மாள் வெளியே காலெடுத்து வைக்கும்போதே லிஃப்ட் நகர்ந்தது. அவர் கால் முறிந்தது. மறந்தது தப்பு. மனிதன் மறப்பான். ஆனால் விசாரணையில், நான் மதியம் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை, காலையில் அண்ணன்தான் திறந்தார் என்று சொன்னாயே, அதுவும் மறதியா? சத்தமில்லாமல் நடக்கிறார் என்று பூனை என்று பெயர் வைத்தீர்கள். அந்த மனிதர் சத்தமில்லாமலே வேலையை விட்டும் போனார். உனக்குப் பதவி உயர்வு, வேறு ஊர்.

இதையாவது என்னிடம் எப்போது சொன்னாய்? பஸ் ஸ்டாண்டில், டிரைவர் ஏறி உட்கார்ந்த பிறகு. குலுங்கிக் குலுங்கி அழுதாய். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நேரம் பார்த்து அழுவதில் உன்னை அடிக்க ஆளில்லை.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சுவர்க் கடிகாரத்தைப் பந்தடித்து உடைத்துவிட்டு அக்காதான் என்றாய். அப்பா என்னை வெளுத்து வாங்கினார். சாயங்காலம் நீ அம்மாவிடம் போய், நான் கெட்ட பையன் என்று தேம்பினாய். அம்மா உன்னை மடியில் போட்டுத் தலையைத் தடவினாள். அடி எனக்கு, மடி உனக்கு. உண்மையைச் சொல்லிவிட்டானே பிள்ளை என்று எல்லோரும் உருகினார்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று பழகிய வித்தையைத்தான் இன்று கர்த்தரிடம் காட்டிக்கொண்டிருக்கிறாய்.

கர்த்தர் உன்னை மன்னிப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அவர் சுபாவம் அது. ஆனால் கர்த்தருக்கா வேலை போயிற்று?

பூனை அண்ணனுக்கு வேலைநீக்கக் காகிதத்தில் கவனக்குறைவு என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். எல்லா லிஃப்ட் கம்பெனிகளும் வாசலிலேயே திருப்பி அனுப்பின. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில், என் பொறுப்பிலேயே ஆள் தேவைப்பட்டது, சேர்த்துக்கொண்டேன். ஈரப் படுக்கைவிரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து, வண்டியில் போட்டு, உலர்த்தும் அறைக்குத் தள்ள வேண்டும். நாள் முழுக்கச் சட்டை நனைந்தே இருக்கும். போன வாரம் எங்கள் சரக்கு லிஃப்ட் நின்றுவிட்டது. கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து திணறிக்கொண்டிருந்தான். அண்ணன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். ஒருவேளை தொட்டுவிடுவோமோ என்று அவருக்கே பயம்.

இதைக் கேட்டும் அழ ஆரம்பிக்காதே, இன்னும் இருக்கிறது. அவர் உன்மேல் சந்தேகப்படவில்லை. தன்மேல் சந்தேகப்படுகிறார். வயரை நான்தான் போட்டுவிட்டு மறந்தேனோ என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஆமாம் நான்தான் என்று முடிவுக்கே வந்துவிட்டார். கால் முறிந்த அம்மாள் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் கதவைச் சாத்தினாராம். சரிதானே அவங்க கோபம் என்று என்னிடம் சொன்னார். நான் சோப்புத்தூள் மூட்டையை எண்ணுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். உன் குற்றத்தை அந்த மனிதர் சுமக்கிறார். உன்னிடம் இருப்பது வெறும் அழுகை.

இப்போது நீ செய்திருக்கிற கூத்துக்கு வருகிறேன். நம் சபையின் ஜெபக் குழுவுக்குப் போன் போட்டு, வெளியே சொல்ல முடியாத ஒரு பாரம் இருக்கிறது, எனக்காக மன்றாடுங்கள் என்று விண்ணப்பம் கொடுத்தாயாமே. எவ்வளவு வசதி. பாரத்தையும் சொல்ல வேண்டாம், ஊரே உனக்காக முழங்காலிலும் நிற்கும். குழுவில் மற்றவர்கள் ஒரு வாரம் ஜெபித்துவிட்டு மறந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் விடவில்லை. யார் என்று உனக்கே தெரியும். சாப்பாட்டு இடைவேளையில் சலவை மூட்டைகளுக்கு நடுவே நின்று, தம்பியின் பாரத்தை நீக்கும் ஆண்டவரே என்று கேட்கிறார். நான் என் டப்பாவை மூடிவிட்டு வெளியே போய்விடுகிறேன்.

முந்தாநாள் என்னிடம் வந்து உன் விலாசம் கேட்டார். எதற்கு என்றேன்.

“தம்பி மனசுல என்னமோ கிடந்து அரிக்குதும்மா. போன்ல சொல்ற விஷயமா இருந்தா சொல்லியிருப்பான். பக்கத்துல போய் உக்காந்தா சொல்லிடுவான்” என்றார்.

விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். லீவு எழுதிக் கொடுத்தார், கையெழுத்தும் போட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை உன் வாசலில் நிற்பார். ஊருக்குப் போகிறேன், வீட்டில் இல்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லாதே. சொன்னால் நம்பிவிடுவார், படிக்கட்டிலேயே உட்கார்ந்து உனக்காக ஜெபித்துவிட்டுத்தான் திரும்புவார்.

நானே ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று நீ நினைப்பாய். சொல்லியிருந்தால், அக்கா காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று உனக்கு ஒரு புதுத் துக்கம் கிடைத்திருக்கும். அதை வைத்துக்கொண்டு இன்னும் பத்து வருஷம் அழுவாய். அதனால் முதல் வாய்ப்பு உனக்கு. திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரும்போது ஒன்றும் தெரியாதவராக வந்தால், வண்டியைத் தொடுவதற்கு முன் நான் சொல்லிவிடுவேன். கம்பெனிக்கும் நானே போவேன். இது மிரட்டல்தான். வேறு மாதிரி எடுத்துக்கொள்ளாதே.

சொன்னால் உன் வேலை போகும். கேஸ்கூட வரலாம். போகட்டும், வரட்டும். அவர் தன் வேலைக்குத் திரும்பிப் போனால் இங்கே வண்டி தள்ள ஆள் இல்லாமல் போகும். வேறு யாரையும் எடுக்க வேண்டாம் என்று ஆபீஸில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். மாடி அறையையும் பெருக்கி வைத்தாயிற்று. உன்மேல் பாசம் பொங்கி அல்ல, தூசி படிந்து கிடந்தது.

அவர் வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் கொடு. நீ மண்டியிடாதே, காலில் விழாதே, அழாதே. அழுதால் அவர் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார், நீ தேறிவிடுவாய். அவர் கண்ணை மூடி உனக்காக ஜெபிக்க ஆரம்பிப்பதற்கு முன் சொல்லிவிடு. வயரைப் போட்டது நான், நீங்கள் இல்லை. அவ்வளவுதான், இதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

கர்த்தர் உன் கண்ணீரை நிறுத்தி வாயைத் திறப்பாராக.

உன் அக்கா